அப்பா வளர்த்த தாடி

குள்ளர்கள் எப்படி இருக்க வேண்டும் என்று நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது என்று இன்றும் நினைக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு பிழைகூட இல்லை.

அப்போது எங்கள் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஒரு மாயாஜால நாவலைப் படமாக எடுத்தது. அதில் பாதியைப் பூச்சோங்கில் ஒரு பெரிய கொட்டகைக்குள் எடுப்பதாக முடிவாகியிருந்தது. நாவலை வரிவரியாகப் படித்து, யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள், வாசல் எந்தப் பக்கம், விளக்கு எதில் எரிகிறது என்றெல்லாம் குறித்து, ஒப்பனைக்காரர்களுக்கும் செட் போடுகிறவர்களுக்கும் கொடுப்பது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். பல்கலைக்கழகம் போனதும் நான்தான். "சும்மா புக்கு படிக்கவா சம்பளம் தராங்க? நல்லா கேட்டுக்கிட்டியா?" என்று அம்மா மூன்று முறை கேட்டாள்.

அந்த நாவலில் குள்ளர்கள் ஓர் உப்பு மலைக்குள் வாழ்கிறார்கள். உப்பை வெட்டி விற்கிறார்கள். ஆண், பெண் எல்லாருக்கும் தாடி உண்டு. வீட்டில் சாவு விழுந்தால் மட்டும்தான் தாடியை எடுப்பார்கள். மற்றபடி கத்தி படக் கூடாது.

திரையில் குள்ளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் விழுந்து எழுந்து சிரிக்க வைப்பார்கள். மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். அதனால் என் குறிப்பை இப்படித் தொடங்கினேன்: இவர்களைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரக் கூடாது. மூக்கைப் பெரிதாக்க வேண்டாம். குல்லா வேண்டாம். உப்பு வெட்டுகிறவனின் உள்ளங்கை எப்படி வெடித்திருக்குமோ அப்படி இருக்க வேண்டும். படிகளும் கதவுப் பிடிகளும் அவர்கள் அளவுக்கே இருக்க வேண்டும். ஏனென்றால் அவர்களுடைய ஊரில் அவர்கள் குள்ளர்கள் அல்ல.

அந்தக் கடைசி வரி என்னுடையது இல்லை. அப்பாவுடையது.

அப்பா நாலடிக்கும் குறைவு. பிறவியிலேயே அப்படி. நானும் அம்மாவும் எல்லாரையும் போலத்தான். கிள்ளானில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாவு மில்லில் அப்பாவுக்கு வேலை. மிளகாய், மல்லி, மஞ்சள் அரைப்பார். மெஷினின் வாய் அவருக்கு எட்டாது என்பதால் அவரே பலகை அடித்து ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். அதன் மேல் நின்றுதான் மூட்டையைச் சாய்ப்பார். ஒரு பிடி மல்லியைத் தூரத்திலிருந்து பார்த்தே அதில் மண் கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு கண்.

டெங்கில் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மூன்று வாரம் பள்ளிக்கூடம் போனார். ஒரு நாள் பையன்கள் அவரைத் தூக்கி அலமாரி மேல் உட்கார வைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் கூட்டுகிற அம்மாள் வந்துதான் இறக்கிவிட்டாராம். மறுநாளிலிருந்து போகவில்லை. இதை எப்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "அன்னிக்கு ஒரு நாளுதான் எல்லாரையும் நான் மேல இருந்து பாத்தேன்." பிறகு ஐசி என்கிற அடையாள அட்டை எடுப்பதற்காகத் தன் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த எழுத்து அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அப்பாவிடம் யாரும் நின்றுகொண்டு பேச மாட்டோம். அம்மா உட்கார்ந்துவிடுவாள். நான் குந்திவிடுவேன். யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, அப்படியே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நாவலைத் தமிழில் அவருக்குச் சொல்லுவேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "அவங்க ஊட்டுப் படி எவ்ளோ ஒசரம்?"

"அது புக்குல இல்லப்பா."

"எப்படி இல்லாம போவும்? மொதல்ல அதத்தானே எழுதணும்." கொஞ்ச நேரம் யோசித்தார். "அவங்க ஊரு, அவங்க கட்டுனது. படி அவங்க காலுக்குத்தான் இருக்கும். கதவுப் பிடி அவங்க கைக்குத்தான் இருக்கும். அந்த ஊருல அவங்க குள்ளமே இல்ல லா. நீங்கள்லாம் போனா தலைய முட்டிக்குவீங்க." அதைச் சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

அலுவலகத்தில் என் குறிப்பைப் பாராட்டினார்கள். ஆனால் குள்ளர்களாக நடிக்கப்போவது நல்ல உயரமான நடிகர்கள். முகம் தெரியும் இடங்களில் அவர்கள். தூரத்தில், முதுகுப் பக்கம் தெரியும் இடங்களில் மட்டும் உண்மையிலேயே குள்ளமானவர்கள். அப்படி ஆட்கள் வேண்டும், யாரையாவது தெரியுமா என்று கேட்டார்கள். அப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கிள்ளானில் ஒரு அங்கிள் இருக்கிறார், மில்லில் வேலை செய்கிறார்" என்று சொன்னேன். இந்த நாட்டில் எல்லாருமே அங்கிள்தான். அதனால் அது எனக்குப் பொய் மாதிரியே தெரியவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் எல்லாரும் என்னைப் படித்த பெண்ணாக மட்டும் பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்குப் போய், "தாடி வளத்துக்குங்கப்பா, அதுதான் அவங்களுக்கு மரியாதை" என்று சொன்னதும் நான்தான்.

ஐந்து மாதம் வளர்த்தார். மஞ்சள் அரைத்த நாளில் தாடி மஞ்சள், மிளகாய் அரைத்த நாளில் சிவப்பு. "என்னா பாஸ், சாமியாரா போவப் போறீங்களா?" என்று மில்லுக்கு வருகிறவர்கள் கேலி செய்தார்கள். "சினிமாக்குப் போறேன் லா" என்பார். யாரும் நம்பவில்லை. தைப்பூசம் நெருங்கியபோது வேண்டுதல் தாடி என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். என்ன வேண்டுதல் என்று கேட்டால், "பொண்ணுக்கு" என்பார். அம்மா வெள்ளிக்கிழமைகளில் தேங்காயெண்ணெய் தடவிச் சீவிவிட்டாள். "ஒழுங்கா உக்காருங்க. மல்லித்தூளு எது, முடி எதுன்னே தெரியல" என்று திட்டிக்கொண்டேதான் சீவுவாள்.

படப்பிடிப்பின் முதல் நாள் காலையில் கம்பெனி வேன் அவரைப் பூச்சோங் கொட்டகைக்குக் கொண்டு வந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, தாடியை இரண்டாகப் பிரித்துச் சீவியிருந்தார். நாவலில் உள்ள குள்ளர்களின் தலைவன் அப்படித்தான் பிரித்துவிடுவான். நான் சொன்னதை நினைவில் வைத்திருந்தார். நான் கழுத்தில் அட்டையும் கையில் கோப்புமாக ஒப்பனை அறையில் நின்றுகொண்டிருந்தேன். சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள்.

ஒப்பனைக்குத் தலைவியாக இருந்த வெளிநாட்டு அம்மாள் நல்லவர். அப்பாவைப் பார்த்ததும் எவ்வளவு அழகான தாடி என்று கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: ஆனால் அதை எடுத்தாக வேண்டும். இவருக்கு ரப்பர் முகம் ஒட்டப்போகிறோம், உயரமான நடிகரின் முகத்தைப் போலவே செய்தது. தாடி அதிலேயே இருக்கிறது. கன்னம் வழவழவென்று இருந்தால்தான் பசை பிடிக்கும். நீ அவருக்குச் சொல்லிவிடு.

நாவலை நான்கு முறை படித்திருந்தேன். ஒப்பனைப் பிரிவின் தாளை ஒரு முறையும் படிக்கவில்லை.

"அங்கிள், தாடிய எடுக்கணுமாம். இருந்தா முகமூடி ஒட்டாதாம்" என்றேன். நின்றுகொண்டே சொன்னேன்.

அப்பா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவர் அப்படி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "யாரு செத்துட்டாங்க, மிஸ்?" என்று கேட்டார்.

விளக்கு மாட்டுகிற தமிழர் ஒருவர் சிரித்துவிட்டார். "என்னா அங்கிள், காலங்காத்தால சாவப் பத்திப் பேசறீங்க?"

அவர் என்ன சொல்கிறார் என்று அந்த அம்மாள் கேட்டார். "சரி என்கிறார்" என்றேன்.

ஒப்பனை நாற்காலி உயரமாக இருந்தது. படி, கதவுப் பிடி என்று அளவு பார்த்து எழுதிய நான் அந்த நாற்காலிக்குக் கீழே ஒரு பலகை போடச் சொல்லியிருக்கவில்லை. அப்பா அதன் காலைப் பிடித்துக்கொண்டு எங்கே மிதிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் யாரோ ஒருவர் பின்னாலிருந்து வந்து, கேட்காமலேயே, அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கி மேலே உட்கார வைத்தார். உதவிதான் செய்தார். நான் கோப்பைத் திறந்து அதில் எதையோ தேடினேன். சவரக் கத்தியின் சத்தம் நின்ற பிறகுதான் தலையைத் தூக்கினேன். தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்து, வேறு யாருடைய கன்னமோ போல இருந்தது. அதன் மேல் ரப்பர் முகத்தை ஒட்டினார்கள். மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி பெரிதாக இருந்தது.

அன்று வீட்டில் அம்மா கதவைத் திறந்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள். "யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"வேசத்துக்கு லா" என்றார் அப்பா.

அம்மா அடுக்களைக்குப் போன பிறகு நான் அவர் முன்னால் குந்தினேன். அவரே, "மிஸ்ஸுன்னு கூப்டதுல கோவமா? ஒனக்கு வேல செய்யற எடத்துல தொந்தரவு வேணாம்னுதான்" என்றார். நான் அவரிடம் அப்படி எதையும் கேட்டிருக்கவில்லை. ஒப்பனை அறை வாசலிலிருந்து என்னைப் பார்த்தபோதே தெரிந்துகொண்டிருக்கிறார். மொத்தம் ஒன்பது நாள் போனார். ஒன்பது நாளும் நான் மிஸ், அவர் அங்கிள். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்புவேன். சாப்பாட்டு நேரத்தில் அவர் தூரத்தில் ரப்பர் முகத்தோடு குழாய் வைத்து மைலோ உறிஞ்சிக்கொண்டிருப்பார். போய்ப் பக்கத்தில் உட்கார இருபது அடி எடுத்து வைத்தால் போதும்.

மறு வருடம் படம் கிள்ளானில் ஓடியபோது மூவரும் போனோம். அம்மா தீபாவளிச் சேலை கட்டியிருந்தாள். அப்பாவின் கால் தரையைத் தொடாமல் நாற்காலியில் தொங்கியது. நான்கு இடத்தில் வந்தார், நான்கிலும் முதுகு மட்டும். மூன்றை நான்தான் காட்டினேன். நான்காவதில் குள்ளர்களின் தலைவன் உப்புச் சுரங்கத்துக்குள் படியிறங்கிப் போகிறான். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கையைச் சுவரில் வைத்து, ஒரு காலை இறக்கி, மறு காலைப் பக்கத்தில் சேர்த்து. கிள்ளான் ரயில் ஸ்டேஷன் படியில் அப்பா அப்படித்தான் இறங்குவார். "அது நாந்தான்" என்று கிசுகிசுத்தார். அரங்கம் முழுக்கச் சிரித்தது. அடுத்த நொடி தலைவன் திரும்பினான், உயரமான நடிகரின் முகம்.

அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்பா திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார், "படியப் பெருசா கட்டிட்டாங்க."

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். கூட்டம் எழுந்தது. அம்மாவும் எழுந்தாள். அப்பா மட்டும் நகரவில்லை.

"போலாம்பா. ஒங்க மாதிரி நடிச்சவங்க பேரு போட மாட்டாங்க" என்றேன்.

"எம் பேரு வராதுன்னு தெரியும். ஒம் பேரு வரும்ல? அதுக்குப் பின்னால நான் இருப்பேன்ல?"

இங்கே எல்லாத் தமிழ்ப் பெண்களுக்கும் அப்படித்தான். ஐசியில், பள்ளிச் சான்றிதழில், பட்டத்தில், எங்கும் என் பெயருக்குப் பின்னால் 'இன்னாரின் மகள்' என்பதற்கான இரண்டு எழுத்தும் அதற்குப் பின்னால் அப்பாவின் பெயரும் இருக்கும். என் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியபோது அவர் தொட்டுப் பார்த்ததும் அந்த இடத்தைத்தான். ஆனால் படத்தில் பெயர் எப்படி வர வேண்டும் என்று கேட்டு அலுவலகத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். நீளமாக இருக்கிறது, சின்னதாக இருந்தால் அழகு என்று என் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை எழுதியது அவருடைய தாடியை எடுத்த அதே வாரத்தில்.

பெயர்கள் ஏறிக்கொண்டே இருந்தன. அப்பா முன்னால் நகர்ந்து, நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். நான் கையை நீட்டிக் காட்டினேன். என் பெயர் வந்தது. ஒரே சொல். அதற்குப் பின்னால் கறுப்பு. அது கீழிருந்து மேல் வரை ஏறி மறையும்வரை அப்பா கண் இமைக்காமல் பார்த்தார். பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேகமா போயிருச்சு. நான் பாக்கல" என்றார் கடைசியில். "நீ பாத்தியா?"

அவர் முன்னால் குந்தினேன்.

"பாத்தேம்பா" என்றேன்.