கணக்குக்குள் அடங்காத நோயாளி

தொண்ணூறுகளின் பிற்பகுதி. போரினால் கொழும்பின் காலி வீதியில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்த காலம். நான் வேலை பார்த்த பத்திரிகை பக்கங்களைக் குறைத்தது. கூடவே என் வேலையும் பாதியானது. மீதி நேரத்துக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய காசநோய்க் கிளினிக்கில் சேர்ந்தேன். நோயாளிகளோடு தமிழிலும் சிங்களத்திலும் கதைத்து விவரம் எடுப்பது என் பொறுப்பு.

காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டும். ஆனால் கொஞ்ச நாளிலேயே இருமல் அடங்கிவிடும். சுகம் வந்துவிட்டதென்று பலர் நின்றுவிடுவார்கள். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும், பிறகு அந்த மருந்து வேலை செய்யாமலும் போகலாம். வீடு தேடிப் போய்ப் பார்க்கக் கிளினிக்கில் ஒரேயொரு தாதிதான் இருந்தார். யார் இடையில் நிற்கக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்த வீடுகளுக்கு மட்டும் அவரை அனுப்பலாம். அதைக் கணித்துச் சொல்லத்தான் டொக்டர் ஒரு புள்ளிவிவர நிபுணரை அழைத்திருந்தார்.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். எல்லோரும் அவரை மிஸ் என்றே கூப்பிட்டோம்.

பழைய நோயாளிகளின் வயது, தொழில், யாரோடு வசிக்கிறார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்பதையெல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றி மிஸ் ஒரு சமன்பாடு அமைத்தார். மருந்தை முடிப்பது, இடையில் நிற்பது, வேறு ஆஸ்பத்திரிக்கு மாறுவது என்று முடிவுகள் மூன்று. ஒவ்வொருவருக்கும் எந்த முடிவுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சமன்பாடு பிரித்துச் சொல்லும். பெரும்பாலும் சரியாகவே சொன்னது. டொக்டர் அறிக்கை எழுதத் தயாரானார்.

மிஸ் தயாராகவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் உண்மையில் நடந்த முடிவை எடுத்துக்கொண்டு, அந்த முடிவுக்குத் தன் சமன்பாடு எவ்வளவு வாய்ப்புக் கொடுத்திருந்தது என்று பார்த்தார். ஆகக் குறைவாகக் கொடுத்திருந்தவர்களை மேலே வரும்படி அடுக்கினார். அதாவது, தன் கணக்கு எவரிடம் ஆக மோசமாகத் தோற்றதோ அவர்களைத்தான் முதலில் பார்க்க விரும்பினார். வேலை செய்கிறவர்கள் இப்படித் தொடங்குவதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

முதலில் எங்கள் தட்டச்சுப் பிழைகளைத் தேடித் திருத்தினார். அப்படியும் சிலர் மிஞ்சினார்கள். எல்லோரும் வெள்ளவத்தை விலாசக்காரர்கள். எல்லோரும் உறவினரோடு வசிப்பதாகச் சொன்னவர்கள். இவர்கள் மருந்தை முடிப்பார்கள் என்று சமன்பாடு ஏறக்குறைய சத்தியம் செய்திருந்தது. எல்லோரும் இடையில் நின்றிருந்தார்கள்.

"இந்த ஆக்களைத் தூக்கிவிட்டா உங்கட கணக்கு வடிவா வரும், மிஸ்," என்றார் டொக்டர்.

"வடிவா வரும் டொக்டர். ஆனா அவங்கட இருமல் நிக்காதே."

டொக்டர் சிரித்தார். ஆனால் விஷயம் சிரிப்புக்குரியதல்ல. சமன்பாட்டை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுவந்தால், இவர்களைப் போன்றவர்களின் வீட்டுக்குத் தாதி ஒருநாளும் போகமாட்டார்.

மிஸ் என்னையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினார். மிஸ்ஸின் பட்டியலில் முதலாவதாக இருந்தவர் நாற்பது வயதுள்ள ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். அவர் கொடுத்திருந்த விலாசத்தில் ஒரு மாடிவீடு. சங்கிலியைக் கழற்றாமலே கதவைத் திறந்தார் அவருடைய மச்சாள்.

"அவ இஞ்ச இல்லை. ஊருக்குப் போயிட்டா."

"பரவாயில்ல அக்கா. நாங்க கிளினிக்கில இருந்து வாறோம். அவங்களுக்கு இருமல் எப்பிடி?" என்று கேட்டார் மிஸ்.

"அதையேன் கேக்கிறியள். நேற்று ராத்திரியும் ஒரே இருமல்."

சொன்ன பிறகுதான் மச்சாளுக்கு உறைத்தது. போரால் பாதை அடைபட்டுக் கிடந்த யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு இருமல் ஒரே நாளில் வெள்ளவத்தைக்குக் கேட்காது. மிஸ் அதைச் சொல்லிக் காட்டவில்லை. மச்சாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சங்கிலியைக் கழற்றினார்.

அவர் காட்டிய வழியில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு லொட்ஜ். வெளிநாட்டிலிருக்கும் கணவரிடம் போக விசாவுக்குக் காத்திருந்த அந்தப் பெண், கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தார். நன்றாக மெலிந்திருந்தார்.

"கிளினிக்கில ஏனக்கா மச்சாள்ட விலாசம் குடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"லொட்ஜில இருக்கிற யாழ்ப்பாண ஆக்களைப் புலியோ எண்டு பாக்கினம், உமக்குத் தெரியாதே தம்பி? அதான் வீட்டு விலாசத்தைச் சொன்னனான். ஆனா ஊரிலயிருந்து வந்த ஆக்கள் பொலிஸில பதியவேணும்; அந்தப் பதிவில லொட்ஜ். கிளினிக் அட்டையில மச்சாள் வீடு. சாவடியில ரெண்டையும் ஒண்டா எடுத்துப் பாத்தா எது பொய்யெண்டு கேப்பாங்கள். அட்டை இல்லாமல் வந்தா நீங்கள் மருந்து தரமாட்டியள். நான் என்ன செய்ய?"

வெள்ளவத்தையில் இருந்த எனக்கே இது தோன்றவில்லை. சமன்பாட்டுக்கு எப்படித் தோன்றும்?

மிஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அப்ப நாங்க என்ன கேட்டிருந்தா நீங்க பயப்படாம உண்மையச் சொல்லியிருப்பீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ராச்சாப்பாடு ஆர் சமைக்கிறதெண்டு கேட்டிருக்கலாம். கடைப் பார்சல் எண்டு சொல்லியிருப்பன். இடியப்பப் பார்சலுக்கு ஆரையும் பொலிஸ் ஜீப்பில ஏத்த மாட்டாங்கள்."

மூவரும் சிரித்தோம். அவருடைய சிரிப்பு இருமலில் முடிந்தது.

அடுத்த நாளே மிஸ் டொக்டரின் முன்னால் போய் நின்றார். தன் அழகான சமன்பாடு எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று ஒளிக்காமல் சொன்னார். டொக்டரும் நல்ல மனிதர்; கேட்டார். நோயாளி அட்டையிலிருந்து விலாசம் நீக்கப்பட்டது. இரவுச் சாப்பாட்டுக் கேள்வி சேர்ந்தது. தாதி அந்த லொட்ஜுக்கே மருந்து கொண்டுபோனார். அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை ஆரம்பத்திலிருந்து தொடங்கியது.

மற்றவர்களையும் தேடினோம். அநேகமாக எல்லோரும் அதே கதையைத்தான் சொன்னார்கள். ஒருவரை மட்டும் எங்களுக்கு முன்பே நோய் கொண்டுபோயிருந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு புதிய விவரங்களோடு சமன்பாட்டை மறுபடி ஓட்டினார். இம்முறை அது லொட்ஜில் இருப்பவர்களைச் சரியாகவே அடையாளம் கண்டது. ஆனால் மோசமாகத் தவறிய கணிப்புகளில் முதலாவதாக நின்றது அதே பெண். பார்சல் சாப்பாடு, தனி அறை, ஒருமுறை நின்றவர். இவர் நிச்சயம் நிற்பார் என்றது சமன்பாடு. அவரோ கடைசி மாத்திரைவரை விழுங்கி முடித்திருந்தார்.

"என்ன மிஸ், இவவிட்ட உங்கட கணக்குத் திரும்பவும் தோத்துப்போச்சு," என்றார் டொக்டர்.

"ஓம் டொக்டர்," என்றார் மிஸ். அப்படியொரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதுவரை கண்டதில்லை. "நாங்க போய்க் கதவைத் தட்டினது அதுக்குத் தெரியாதே."

இன்றும் ஒரு செய்தி எல்லாப் பக்கமும் கச்சிதமாகப் பொருந்தி என் மேசைக்கு வரும்போது, இது யாருக்குப் பொருந்தவில்லை, அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று கேட்காமல் என்னால் அதை அச்சுக்கு அனுப்ப முடிவதில்லை.