மொய் நோட்டுக்கு ஒரு வரைபடம்

அந்தப் பணத்தை வங்கியில் போடச் சொன்னது நான்தான். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

ஆலங்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பாவுக்கு அங்கே ஒரு மளிகைக் கடை. அந்த வருடம் ஆடி மாதம் அவர் மொய் விருந்து வைத்தார். எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமலே, சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு குடும்பம் பந்தல் போட்டு ஊருக்கெல்லாம் கறிச்சோறு போடும். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கு முடிந்ததை மொய்யாக எழுதிவிட்டுப் போவார்கள். வரும் பணத்தில் ஒரு பங்கு, அவர்கள் வீட்டு விருந்தில் நாம் முன்பு எழுதியது. மீதி, அடுத்து அவர்கள் விருந்து வைக்கும்போது நாம் திருப்பி எழுத வேண்டியது. இடைப்பட்ட காலத்தில் அந்தத் தொகையைக் கொண்டு ஒருவர் கிணறு வெட்டுவார், ஒருவர் காணி வாங்குவார்.

அப்பாவுக்கு நெல் அரைக்கும் மெஷின் வைக்க வேண்டும். அதுவரை எங்கள் ஊர்ப் பெண்கள் உரலில் குத்தினார்கள். இல்லையென்றால் நெல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஐந்து மைல் நடந்தார்கள்.

பதினோராயிரத்துச் சொச்சம் சேர்ந்தது. நான் அப்போது புதுக்கோட்டையில், சர்க்கார் பொறியியல் அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரையும் வேலையில் இருந்தேன். திருச்சியில் இரண்டு வருடம் பயிற்சி. பதவியின் பெயர் டிராப்ட்ஸ்மேன். நான் பெண் என்பதற்காக அதை யாரும் மாற்றவில்லை. மாதாமாதம் சம்பளத்தை வங்கியில் போட்டு எடுக்கும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. "இரும்புப் பெட்டியில எதுக்குப்பா? பாங்கில போடுங்க" என்றேன். போட்டார். மெஷினுக்கும் மோட்டாருக்கும் முன்பணமும் கட்டினார்.

மறு வருடம் வருமான வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் கடை வருமானம் இவ்வளவுதான். வங்கியில் ஒரே வாரத்தில் பதினோராயிரம் எப்படி வந்தது? விளக்கம் தராவிட்டால் அதையும் கடையின் மறைத்த வருமானமாக எடுத்துக்கொண்டு வரி போடப்படும். வரியோடு அபராதமும் சேரலாம் என்று கடிதத்தின் கடைசி வாக்கியம் சொன்னது. என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மெஷினுக்கு மீதிப் பணம் கட்ட முடியாது. கட்டாவிட்டால் முன்பணம் திரும்பாது. ஊராருக்குத் திருப்பி எழுத வேண்டிய மொய் மட்டும் அப்படியே நிற்கும்.

அப்பா முதல் விசாரணைக்குத் தனியாகப் போனார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"என்னப்பா கேட்டாங்க?"

"யாரு குடுத்ததுன்னு கேட்டாரு. ஊரே குடுத்துச்சுங்கன்னேன்."

"மொய் நோட்டைக் காமிச்சீங்களா?"

"அதெப்படித்தா காட்டுறது? அஞ்சு ரூவா எழுதுனவன் இருக்கான், நூறு எழுதுனவன் இருக்கான். அஞ்சு எழுதுனவன் மானம் என்னாகுறது? வரி வேணும்னா வாங்கிக்கங்க, நோட்டத் தர மாட்டேன்னுட்டு வந்துட்டேன்."

எங்கள் ஊரைத் தவிர வேறு எந்த ஊர்க்காரரும் இப்படிச் செய்திருக்க மாட்டார். தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியை, மடியில் கட்டிக்கொண்டு போய், மடியிலேயே வைத்துத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். அதிகாரி என்ன செய்வார்? "விளக்கம் தரப்படவில்லை" என்று எழுதிக்கொண்டு, இன்னொரு தேதி மட்டும் கொடுத்திருந்தார்.

அடுத்த நாள் எங்கள் அலுவலகத்துக் கணக்குப் பிரிவில் இருந்த பெரியவரிடம் போய்க் கேட்டேன். அவர் மூன்று விரலை நீட்டினார். குடுத்தது யாரு, குடுக்குற வசதி அவங்களுக்கு உண்டா, நெசமாவே குடுத்தாங்களா. "இந்த மூணுக்கும் பதில் இருந்தா பயப்பட வேணாம்மா. இல்லேன்னா நீ என்ன அழுதாலும் ஆகாது" என்றார். நான் அழுவதாக இல்லை. மூன்றையும் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போய் மொய் நோட்டைப் பிரித்துப் பார்த்ததும் முதல் கேள்வியிலேயே இடித்தது. நோட்டில் ஒருவருக்கும் பெயர் இல்லை. "மேலக்கரை ஓட்டு வீடு." "ரெட்டைப்பனை வீடு." "பர்மாக்காரர் வீடு." "கிணத்தடி வீடு." அப்பாவுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. நானூறு வரிக்கு மேல் இருந்தது. எந்த அதிகாரி கிணற்றடி வீட்டைத் தேடி வருவார்?

ஆனால் வீடுகள் இருந்தன. இருக்கும் இடத்தை வரைவதுதான் என் வேலை.

என் காசில் வரைபடத் துணியும் மையும் வாங்கினேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஊரையும் சுற்றியுள்ள மூன்று ஊர்களையும் காலடியால் அளந்தேன். கண்மாய், கரை, கோயில், பாதை, அதன் இரு பக்கமும் வீடுகள். நோட்டில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஓர் எண். தனித்தாளில் எண்ணுக்கு எதிரே குடும்பத் தலைவரின் பெயர், நிலம் எவ்வளவு. நிலத்துக்கு, ஊர்க் கணக்குப் பார்க்கும் கர்ணத்திடம் போய்ச் சான்று வாங்கினேன். இரண்டாம் கேள்விக்கு அது பதில். தொகையை மட்டும் எங்கும் எழுதவில்லை.

"தொகை இல்லாம என்னத்துக்குத்தா இந்தப் படம்?" என்று அப்பா குனிந்து பார்த்தார். பிறகு விரலால் தேடி, "நம்ம வீடு எங்கிட்டு இருக்கு?" என்றார்.

"நாம மொய் வாங்குனவங்கப்பா. நமக்கு நம்பர் இல்ல."

"அட, ஒரு புள்ளியாச்சும் வையி."

வைத்தேன்.

இரண்டாம் விசாரணைக்கு நானும் போனேன். அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வரைபடத்தை மேசை முழுக்க விரித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யார் வரைஞ்சது?"

"நான்தான் சார்."

"தொகை எங்கம்மா?"

"நோட்டில இருக்கு சார். முழு நோட்டையும் பிரிச்சா குறைச்சு எழுதினவங்களுக்கு அவமானம்னு அப்பா நினைக்கிறார். நீங்களே படத்தில ஏதாவது பன்னிரண்டு வீட்டைத் தொடுங்க. அந்தப் பன்னிரண்டு வரியையும் காட்டறோம். ஒவ்வொரு வீட்டிலயும் அவங்க மொய் நோட்டு இருக்கும். போன தடவை அப்பா அவங்களுக்கு எழுதினது அதில இருக்கும். இந்தத் தடவை அவங்க எங்களுக்கு எழுதினதையும் ஓரத்தில குறிச்சு வச்சிருப்பாங்க. ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. ஒத்துப்போகலைன்னா வரி போடுங்க."

அவர் பேனாவின் பின்பக்கத்தால் தொட்டார். ஏழு. இருபத்திரண்டு. எண்பத்தேழு. பெரிய வீடாகத் தெரிந்ததை விட்டுவிட்டு, பாதை ஓரத்துச் சின்னக் கட்டங்களையும் தொட்டார். விவரமானவர். பன்னிரண்டையும் குறித்துக்கொண்டேன். பத்து நாள் கொடுத்தார்.

அந்தப் பத்து நாளில் ஊரில் இருந்த நாளெல்லாம் எனக்கு வேலை, கேள்விகளுக்குப் பதில் சொல்வது. நோட்டைக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்டால், ஒவ்வொரு வீட்டிலும் முதலில் என்னைக் கேட்டார்கள். அந்தக் கேள்விகளை என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

"கடலை வித்த காசுக்கும் வரி கேப்பாங்களாத்தா?" கேட்க மாட்டார்கள், விவசாய வருமானம் அந்த அலுவலகத்தில் வராது, பெரிய பண்ணைக்காரர்களுக்கு வேறு சட்டம். "மகன் சிங்கப்பூருலேருந்து அனுப்புற பணம்?" அது அவன் சம்பாத்தியம், வீட்டுச் செலவுக்கு அனுப்பினால் உங்கள் வருமானம் ஆகாது. "எம் பொண்டாட்டி பால் ஊத்துற காசு?" அது அவர்களுடையது. "அத அவகிட்ட சொல்லிடாத, தாயி" என்றார் கேட்டவர். உள்ளேயிருந்து, "காதுல விழுந்துருச்சு!" என்று பதில் வந்தது. "ஒஞ் சம்பளத்தையும் ஒங்க அப்பன் கணக்குல சேப்பாங்களா?" சேர்க்க மாட்டார்கள், என் சம்பளத்துக்கு நான்தான் பொறுப்பு. இது பலருக்குப் புதிதாக இருந்தது. ஒரு பெண் இதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். தெரியாத கேள்விகளைத் தெரியாது என்று சொல்லி, திங்கட்கிழமை கணக்குப் பிரிவுப் பெரியவரிடம் கேட்டு வந்து சொன்னேன்.

பதினொரு வீடு சம்மதித்தது. எண்பத்தேழு மட்டும் மறுத்தது. பர்மாக்காரர் வீடு. அவர் காலமாகி, அவர் மனைவிதான் குடும்பத்தை நடத்தினார். வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தவர் எழுந்திருக்கவில்லை.

"ஒங்க அப்பாரு விருந்துல எனக்கு எலும்பா வச்சாங்க. ஞாவகம் இருக்கா ஒனக்கு?"

"எனக்குத் தெரியாதுங்களே பெரியம்மா."

"தெரியாதுல்ல? நூத்தியோரு ரூவா எழுதிட்டு எலும்பக் கடிச்சுட்டு வந்தேன். இப்ப நோட்டு வேணும், படி ஏறி வந்திருக்க. போயி வேற வீட்டுக் கட்டத்தத் தொடச் சொல்லு."

"அதிகாரி தொட்டது தொட்டதுதாங்க. மாத்த முடியாது."

"அப்ப வரி கட்டச் சொல்லு."

அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். நூற்றியொன்று, பன்னிரண்டில் அதுதான் பெரிய தொகை. அது இல்லாமல் போனால் மற்ற பதினொன்றையும் அதிகாரி ஏன் நம்ப வேண்டும்? "நாமளா போயி மன்னிப்புக் கேப்பமா?" என்றார். போய்க் கேட்டார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

விசாரணை நாள். நானும் அப்பாவும் முதல் பஸ்ஸிலேயே புதுக்கோட்டை வந்து, அலுவலக வாசலில் நின்றோம். பதினொரு பேர் அடுத்த பஸ்ஸில் வர வேண்டும். பஸ் வந்தது. இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பதினொன்றுக்கு அப்புறமும் இறங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் துணிப்பை, ஒவ்வொரு பையிலும் மொய் நோட்டு. அதற்குப் பின்னால் வந்த பஸ்ஸிலும் அப்படியே. அறுபது பேருக்குக் குறையாது.

முன்னால் வந்தவர் எண்பத்தேழு.

"ஏன்த்தா, பன்னெண்டு வீட்ட மட்டும் கூப்புட்டியாமே? பாதை ஓரத்துக் குடிசையெல்லாம் கணக்காம், மத்த வீட்டு மொய்யெல்லாம் மொய் இல்லியாக்கும்?"

"பெரியம்மா, ஒங்க வீட்டத்தானே நான் மொதல்லயே..."

"என்னையச் சொல்லல. இவுகளச் சொல்றேன். ஊரு பூராவும் சண்டைக்கு நிக்கிறாக. அவுக பேச்சப் பேச ஒரு ஆளு வேணும்ல? அதான் வந்தேன்."

கூப்பிடாதது எங்கள் பக்கத்தில் பெரிய குற்றம். நோட்டைக் காட்டினால் மானம் போகும் என்று அப்பா யாருக்காகப் பயந்தாரோ அவர்கள், பன்னிரண்டு வீட்டை அழைத்துத் தங்களை அழைக்காததில் அதைவிடப் பெரிய மானம் போனதாக எடுத்துக்கொண்டார்கள். நான் வரைந்த படத்தால் இப்படி ஒன்று நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஊர்வலமா?" என்றார்.

"எல்லாரும் மொய் எழுதினவங்க சார்."

பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராக அழைத்தார். அவர்கள் நோட்டு ஒரு பக்கம், அப்பாவின் நோட்டில் அந்த ஒரு வரி மறுபக்கம். மற்ற வரிகளை நான் வெள்ளைத் தாளால் மூடிப் பிடித்துக்கொண்டேன். பதினொன்று ஒத்துப்போனது. இருபத்திரண்டாம் வீட்டில் இடித்தது. அவர்களுடைய போன விருந்தில் அப்பா எழுதியது இருபத்தைந்து என்று எங்கள் நோட்டின் ஓரத்தில் இருந்தது. அவர்கள் நோட்டில் இருபத்தொன்று.

"அந்த நாலு ரூவாய இப்பவே தாரேங்க!" என்று அப்பா எழுந்து மடியை அவிழ்த்தார்.

அதிகாரி முதல் முறையாகச் சிரித்தார். "உட்காருங்க. எல்லாம் அட்சரம் பிசகாம ஒத்துப்போயிருந்தா, ராத்திரி உட்கார்ந்து எழுதினதுன்னு நினைச்சிருப்பேன்." பிறகு வெளியே நின்ற கூட்டத்திலிருந்து தானாகவே ஐந்து பேரை அழைத்துப் பார்த்தார். ஒத்துப்போனது. மீதிப் பேரிடம், போய் வாருங்கள் என்றார். அவர்கள் போகவில்லை. தங்கள் நோட்டையும் அவர் கையால் தொட்டுவிட்டாவது கொடுக்க வேண்டும் என்று எண்பத்தேழு கேட்டார். தொட்டுக் கொடுத்தார்.

கடைசியில் வரைபடத்தைக் கோப்பில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். "இதில உங்க பேர் இல்லையேம்மா. யார் வரைஞ்சதுன்னு போடுங்க." எங்கள் அலுவலகத்தில் நான் வரைந்த படங்களின் கீழ் மேலதிகாரிகள் கையெழுத்துதான் இருக்கும். பேனா வாங்கி வலது மூலையில் என் முழுப் பெயரையும் எழுதினேன்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. மொய்யாக வந்தது வருமானம் ஆகாது, கூடுதல் வரி இல்லை. அப்பா அதைத் தபால்காரரையே இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு கடைக்கு வந்தவர்களுக்கு என்னைப் படிக்கச் சொன்னார்.

தை மாதத்தில் மெஷின் ஓடியது. முதல் நாள் காலையில் நெல் மூட்டைகள் வாசலைத் தாண்டி ரோடு வரை நின்றன. நான் உள்ளே பெல்ட்டின் பக்கத்தில் நின்று, எந்த மூட்டை யாருடையது என்று எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே பர்மாக்காரர் வீட்டுப் பெரியம்மா வரிசையை விட்டு முன்னால் வந்து, மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"ஏன்த்தா, ஒங்க அப்பாருகிட்டச் சொல்லு. எண்பத்தேழு வந்துருக்குன்னு!"

"வரிசையில நில்லுங்க பெரியம்மா," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். "நான் ஏழு."