கோயிலுக்குப் போன கதவு

கல்முனையில் நாங்கள் கட்டிய வீட்டுக்குக் குடிபோனபோது முன்வாசலில் நிலை மட்டும்தான் இருந்தது. கதவு இல்லை. ஒரு தகரத்தைச் சாத்தி, உள்ளேயிருந்து கயிற்றால் கட்டிக்கொண்டோம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் கணவர்தான் தெரிவு செய்தார். கதவை மட்டும் எனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டேன். முதிரை மரத்தில்தான் வேண்டும் என்று நின்றேன்.

வேலையைச் சாய்ந்தமருதில் ஒரு முஸ்லிம் ஓடாவியாரிடம் கொடுத்தேன். என் வயதுதான் இருக்கும். மரவேலையில் கெட்டிக்காரர், நாள் சொல்வதில் அப்படியல்ல. மரம் காய வேண்டும் என்று ஒன்றரை வருடம் காக்க வைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பட்டறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். மேல் பலகையில் ஒரு மாதுளம்பூ செதுக்கச் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டதைவிட நன்றாகவே செதுக்கியிருந்தார்.

கதவு முடிந்த கிழமை எங்கள் திருச்சபையில் கூட்டம் நடந்தது. கோயில் கதவைக் கறையான் தின்று முடித்திருந்தது. மாரி தொடங்கியதால் ஊர் நாய்கள் உள்ளே வந்து பீடத்தடியில் படுத்தன. போதகர் முந்திய ஞாயிறு இரண்டு தடவை அவற்றைத் தாண்டித்தான் பிரசங்கம் செய்தார். எனக்குக் காய்ச்சல். கூட்டத்துக்குக் கணவர் மட்டும் போனார். திரும்பி வந்து தகரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சொன்னார்.

“போதகர் கதவப் பத்திக் கேட்டாரு. ஒருத்தரும் கதைக்கல்ல. நான் கையத் தூக்கிட்டன்.”

“எந்தக் கதவு?”

“நம்மட கதவுதான்.”

“நம்மட கதவா, என்ட கதவா?”

அவர் தகரத்தைக் கயிற்றால் கட்டினார். “தூக்கின கைய மறுகா எறக்க ஏலாதுதானே,” என்றார்.

“ஆண்டவர் கேட்டவரா?”

“இல்ல. போதகர்தான் கேட்டாரு.” பிறகு தகரத்தைப் பார்த்தபடியே சொன்னார்: “ஒண்டுக்கும் உதவாத கதவெண்டா நான் கையத் தூக்கியிருக்க மாட்டன். நம்மட்ட நல்லதெண்டு இருந்தது அது ஒண்டுதான்.”

மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. மாலை ஜெபத்தில் மட்டும் சேர்ந்து ஆமென் சொன்னோம்.

நாலாம் நாள் ஓடாவியார் போனில் கோல் எடுத்தார். “டீச்சர், ஒருக்காப் பட்டறைக்கு வந்திட்டுப் போங்க.”

போனேன். கணவர் ஏற்கெனவே அங்கே நின்றார். கதவு இரண்டு மரக்குதிரைகளின் மேல் கிடந்தது. கோயில் நிலை பழைய காலத்தது, ஒடுக்கமானது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரல் அகலம் அறுத்தால்தான் கதவு அதில் இருக்கும்.

“சேர் அறுக்கச் சொல்றாரு,” என்று கணவரைக் காட்டிச் சொன்னார் ஓடாவியார். “ஆனா இதுக்கு ஓடர் தந்தது நீங்க. அறுத்தாப் பொறகு உங்கட வாசலுக்கு இது சரிவராது. நீங்க சொன்னாத்தான் நான் வாள எடுப்பன்.”

“அவர்தான் குடுத்தாச்சே.”

“அது அவர்ட நிய்யத்து, அவர் மனசில நெனச்சது. நான் உங்களிட்டக் கேக்கிறன்.”

நான் வேண்டாம் என்றால் அப்படியே சரி என்று சொல்லக்கூடிய முகத்தோடு கணவர் நின்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் நானும் வந்திருந்தேன். ஞாயிறுதோறும் காணிக்கைப் பையில் போட்டு வந்திருக்கிறேன். எல்லாம் மிஞ்சியதுதான். போட்டுவிட்டு வந்து அது குறைகிறதென்று ஒருநாளும் நினைத்ததில்லை. இது குறையும் என்று நன்றாகத் தெரிந்தது. மாதுளம்பூவின்மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். ஓடாவியார் அவசரப்படுத்தவில்லை. வேறொரு பலகையை எடுத்துச் சீவத் தொடங்கினார்.

“பூவில படாம அறுங்க,” என்றேன்.

“படாது டீச்சர்.”

அறுத்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கொடுத்தால் சந்தோஷம் வரும் என்று பிரசங்கங்களில் கேட்டிருந்தேன். வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். கணவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சீனி போட மறந்திருந்தார். நானும் சொல்லாமல் குடித்தேன்.

கதவைப் பொருத்திய ஞாயிறு, போதகர் “ஒரு குடும்பத்தார்” என்று மட்டும் சொல்லி நன்றி கூறினார். பக்கத்தில் இருந்த அக்கா, “ஆரு புள்ள அது?” என்று கேட்டா. தெரியாது என்றேன். கோயிலுக்குள் இருந்து சொன்ன பொய் அது.

எங்கள் வாசலில் தகரம் இன்னும் பதினொரு மாதம் இருந்தது. ஒருநாள் ஆடு ஒன்று தகரத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, நான் திருத்த வைத்திருந்த சோதனைத் தாள்களில் மூன்றைத் தின்றுவிட்டது. அந்த மூன்று பிள்ளைகளுக்கும் நல்ல புள்ளி போட்டேன். பிறகு கணவர் பலாப் பலகையில் ஒரு கதவு போட்டார். மழைக்காலத்தில் ஊதிப்போய் இறுகும். தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும்.

போன மாசியில் ஒரு ஞாயிறு கோயிலுக்குப் போனால், யாரோ முதிரைக் கதவில், பூவுக்குச் சரியாகக் கீழே, பெரிய ஆணி ஒன்றை அடித்து அறிவித்தல் மட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். மட்டையைக் கழற்றி ஆணியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. உள்ளே போய், என் கதவில் ஆர் ஆணி அடித்தது என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் அது என் கதவு இல்லை என்பது உறைத்தது. அன்றைக்குத்தான் நான் அதைக் கொடுத்து முடித்தேன் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்து மட்டையை அந்த ஆணியிலேயே மாட்டி, வாசித்தேன். சனிக்கிழமை கோயில் வளவைத் துப்புரவாக்கச் சிரமதானம், வருகிறவர்கள் மண்வெட்டி கொண்டு வரவும் என்றிருந்தது. எங்கள் வீட்டில் இரண்டு இருந்தன.