ஜெனரேட்டர் ஓடாத மாலை

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அபார்ட்மென்ட்டில் மாலையில் கரண்ட் போனால் பிள்ளைகள் எல்லாம் கீழே இறங்கி ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். சங்கச் செயலாளரான நான்தான் போராடி ஜெனரேட்டர் வாங்க வைத்தேன். அதன்பின் எல்லோரும் டிவி முன்னால்தான். 'போய் விளையாடும்மா' என்று மகளிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

ஒருநாள் கரண்ட் போனது, ஜெனரேட்டரும் ஓடவில்லை. சற்று நேரத்தில் கீழே ஒரே கூச்சல். நானும் இறங்கிப்போய்ப் பார்த்தேன். லிஃப்ட் நின்றுபோனதால் நான்காம் மாடிப் பெரியவர் காய்கறிப் பையோடு படியேறத் தொடங்கினார். "என்ன சார், மெக்கானிக்க கூப்பிடலயா?" என்றார்.

புதிதாக வாங்கியிருந்த செல்போனை எடுத்தேன். வேர்வை வழிய ஓடிவந்த மகள் என் கையைப் பிடித்தாள்.

"நான் அவுட் ஆகுற வரைக்கும் போன் பண்ணாதீங்கப்பா."

போனைச் சட்டைப்பையில் போட்டேன். செய்தது சரியா என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான். அவள் அவுட் ஆகக் கூடாது என்று வேண்டியபடியே, மெல்ல மேலேறிய அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.