குப்பம்மாள் கட்டிய பெண்கள் ஜமா

பழவேற்காட்டுக் கோட்டையில் டச்சுக்காரர் கொடி பறந்த காலம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மணல்திட்டில் ஒரு மீனவக் குப்பம். அங்கே பிறந்தவள் குப்பம்மாள். கங்கையம்மன் திருவிழாவில் வெளியூர்க் கூத்தாடிகள் ஆடிவிட்டுப் போனால், அவர்கள் போட்ட அடவை எல்லாம் மறுநாள் கரையில் ஆடிக்காட்டுவாள்.

ஜமா என்னும் கூத்துக் குழுவில் பெண் வேஷத்தையும் ஆண்கள்தான் கட்டுவார்கள். குப்பம்மாள் வளர்ந்து, ஓடக்காரன் லோகநாதனுக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு ஒரு வருஷம், திரௌபதி வேஷக்காரன் காய்ச்சலில் படுத்துவிட்டான். "நான் கட்டுறேன்" என்று போய் நின்றாள். கூத்து வாத்தியார் தருமலிங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொம்பள ஆடுனா என் ஜமாவுக்கு இன்னா மரியாத?"

"அப்போ பொம்பளைங்களே ஒரு ஜமா கட்டிக்கிறோம் வாத்தியாரே."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறக்கிறவள் அல்ல அவள். மீன் விற்றுத் திரும்பிய பெண்களை ஈரமணலில் நிறுத்தி ஆடப் பழக்கினாள். ருக்குவுக்கு நல்ல குரல். முனியம்மா எந்த வேஷத்துக்கும் பொருந்துவாள். தாய் தகப்பன் இல்லாத காந்தா பம்பையில் கை வைத்தால் கேட்பவர்களின் கால் தானாகத் தாளம் போடும். வலை இழுப்பதையும், அலையில் ஓடம் ஏறி இறங்குவதையும், போனவன் வரக் கரையில் காத்திருப்பதையும் ஆட்டமாக்கினார்கள்.

ஆண்கள் கேலி பேசினார்கள். ஆனால் கடலுக்குப் போன புருஷனைத் தேடும் பெண்ணாகக் குப்பம்மாள் ஆடியபோது கேலி செய்தவர்களும் அழுதார்கள். ஏரியைச் சுற்றியிருந்த குப்பங்களுக்கு லோகநாதன் தன் ஓடத்திலேயே ஜமாவை ஏற்றிப்போனான்.

பிறகு மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. பசி தாங்காமல் ஜனங்கள் பிள்ளைகளை விற்றார்கள். வாங்கிய தரகர்கள் அவர்களைக் கரையோரக் கொட்டகையில் அடைத்துவைத்து, கப்பலில் அடிமைகளாக அனுப்பினார்கள். காந்தாவை அவள் சித்தப்பன் அரிசிக்குக் கொடுத்துவிட்டான். குப்பம்மாள் கொட்டகைக்கு ஓடினாள். காவல்காரன் கிட்டே விடவில்லை.

அந்த வாரமே கோட்டையிலிருந்து துபாஷ் திருவேங்கடம் வந்தார். வெள்ளைக்காரர் பேச்சை ஊராருக்குச் சொல்லும் வேலை அவருக்கு. கோட்டைத் துரை கப்பல் தலைவர்களுக்கு விருந்து வைக்கப்போகிறார், ஜமா ஆட வேண்டும் என்றார்.

"ஆடுறோங்க. கொட்டாயில கீற எல்லாரையும் விடச்சொல்லுங்க."

"நடக்குற பேச்சாப் பேசு."

"சரி, என் பம்பைக்காரியையாவது விடச்சொல்லுங்க. அவ இல்லாம ஆட்டம் இல்ல."

"வேற ஆள வெச்சு அடி. தொர கூப்ட்டு வரலன்னா இன்னா ஆவும் தெரியுமா?"

"தெரியுங்க. ஓடத்த எடுத்துக்கினு வேற ஊருக்குப் போயிடுவோம். தொரதான் விருந்தாளிங்களோட வெறும் மணலப் பாத்துக்கினு குந்தியிருப்பாரு."

முனியம்மா பின்னாலிருந்து அவள் முந்தானையை இழுத்தாள். ஆனாலும் குப்பம்மாள் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

விருந்தன்று காலையில் காந்தா வந்து சேர்ந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். கஞ்சி குடித்துவிட்டுப் பம்பையைக் கட்டிக்கொண்டாள். குப்பம்மாள் கொட்டகைக்கு எதிரிலேயே களம் அமைத்தாள். கப்பல் தலைவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்க, அவள் கொட்டகையைப் பார்த்தபடி ஆடினாள். பலகை இடுக்குகளில் கண்கள் தெரிந்தன. "எங்க பக்கம் திரும்பி ஆடச்சொல்லு" என்று யாரோ கத்தினார்கள். அவள் திரும்பவில்லை.

கப்பல் கொட்டகையில் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு போனது. அதைத் தடுக்க அவளால் முடியவில்லை. குப்பத்துக்கு வந்ததும் வீடு வீடாகப் போனாள்.

"பொண்ண விக்காத. என்கிட்ட வுடு. ஆடிப் பொழைக்கட்டும்."

வந்த பெண்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு, கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் இருந்த உழவர் ஊர்களுக்குப் போனாள். ஆரம்பாக்கம், அனுப்பம்பட்டு என்று களத்துமேடுகளில் ஆடி, கிடைத்த தானியத்தைக் குப்பத்துக்கு அனுப்பினாள். பஞ்சம் தீரும்வரை அவள் குப்பத்திலிருந்து அதற்குமேல் ஒரு பெண்ணும் கப்பல் ஏறவில்லை. வயல்வேலை செய்யும் பெண்கள்கூட நடவையும் அறுப்பையும் ஆட்டமாக்கி ஜமாவில் சேர்ந்தார்கள்.

தலை நரைத்த பிறகும் குப்பம்மாள்தான் ஜமாவுக்குத் தலைவி. அவள் ஓடம் வருவது தெரிந்தால் ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைக் கரைக்கு இழுத்துவருவார்கள். அவள் முதலில் இறங்கி, தலையை நிமிர்த்திக்கொண்டு முன்னே நடப்பாள்.