கிஷ்டம்மாவின் அம்மாவுக்கு ஒரு பால்குடம்

டென்மார்க்கிலிருந்து வந்த பெண் எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய, பள்ளியிலிருந்து வந்த சிஸ்டர் பார்த்தது எங்கள் கக்கூஸை மட்டும்தான். செம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவில் அப்போது கக்கூஸ் வைத்த வீடுகள் மூன்று. எங்களுடையது அந்த வருடம் கட்டியது. ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தில் ஒரு துண்டை அப்பா மனை போடுகிறவர்களுக்கு விற்றிருந்தார். அதில் வந்ததுதான் மொட்டைமாடியோடு ஓர் அறையும் இதுவும். சிஸ்டர் கதவைத் திறந்து பார்த்தார். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். "நல்லது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவருக்காக அம்மா வாங்கி வைத்திருந்த கலர் சோடா பாட்டில் திறக்கப்படாமலே நின்றது.

நான் அப்போது கேம்ப் ரோட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு, ஆங்கில வழி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளையாகக் கால் வைத்த முதல் ஆள் நான்தான். அந்தப் பள்ளி ஹாஸ்டலுக்கு அப்பாதான் சைக்கிளில் பால் கொண்டுபோய் ஊற்றுவார். அந்தப் பழக்கத்தில் கிடைத்த இடம் அது. வகுப்பில் நான் பால்காரர் பெண். தெருவில் இங்கிலீசு படிக்கிற பெண். இரண்டு இடத்திலும் என்னோடு பேச அதிகம் பேர் இல்லை. வகுப்பில் மற்றவர்கள் ஆங்கிலத்திலேயே காய் விட்டு, ஆங்கிலத்திலேயே பழம் விட்டார்கள். நான் பதில்களை மனப்பாடம் செய்து ஒப்பிப்பேன், பிழையில்லாமல் எழுதுவேன். வாய் திறந்து சொந்தமாக ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

கிர்ஸ்டன் என்பது அவள் பெயர். என்னைவிட ஒரு வயது மூத்தவள். மாணவர்களை நாடு மாற்றிப் படிக்க வைக்கும் ஏதோ ஒரு திட்டத்தில், சேலையூரில் ஒரு பேங்க் ஆபீசர் வீட்டுப் பெண் அங்கே போயிருந்தாள். பதிலுக்கு இவள் இங்கே வந்து அவர்கள் வீட்டில் தங்கினாள். ஆடி மாதம் அந்த வீட்டுப் பங்காளி ஒருவர் கும்பகோணத்தில் இறந்துபோனார். காரியம் முடியும்வரை வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போக வேண்டியிருந்தது. பத்து நாளைக்கு யார் வைத்துக்கொள்ள முடியும் என்று வகுப்பில் கேட்டபோது, மற்றவர்கள் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். நான் கேட்காமலே கையைத் தூக்கினேன்.

தூக்கியதற்குக் காரணம் மாமா. அம்மாவின் தம்பி. மேடவாக்கத்தில் சிமெண்ட் கடை வைத்திருந்தார். தன் மகனுக்கு என்னைக் கேட்டு ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்தார்.

"பத்தாவதோட நிறுத்திக்கலாம் மாமா. அதுக்கு மேல படிச்சி இன்னா கிழிக்கப் போவுது? தை பொறந்தா பரிசம் போட்டுக்கலாம்" என்பார் அப்பாவிடம்.

அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியாது. வெள்ளைக்காரப் பெண் வருகிறாள் என்றதும் அவருக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது.

"இரு மச்சான். அந்தப் பொண்ணு வரட்டும். எம்பொண்ணு அதுகிட்ட இங்கிலீசுல பேசறத வந்து பாரு. அப்பறமா பேசிக்கலாம்."

ஆக, வருகிற விருந்தாளிதான் எனக்குப் பரீட்சை. தேறினால் பதினொன்றாம் வகுப்பு. இல்லையென்றால் சிமெண்ட் கடை.

அவள் வந்த சனிக்கிழமை மாலை மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். கிர்ஸ்டன் எல்லோருக்கும் கைகூப்பினாள். அவள் பெயர் அம்மாவின் வாயில் நுழையாமல் இரண்டு முறை திரும்பி வந்து, மூன்றாம் முறை கிஷ்டம்மாவாக நுழைந்தது. பிறகு தெரு முழுக்க அவள் கிஷ்டம்மாதான்.

"அவங்க ஊர்ல இன்னா பயிர் வைப்பாங்கன்னு கேளு" என்றார் மாமா.

கேட்டேன். அவள் வேகமாக நிறையச் சொன்னாள். அதில் எனக்குப் பிடிபட்டது 'சுகர்' என்ற ஒரு சொல்தான்.

"கரும்பாம் மாமா."

"அந்தக் குளுருலயா?" மாமா தாடையைத் தடவினார். "கரும்புக்கு வெயில் வோணுமே."

அப்பா முகம் மலர என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சர்க்கரை எடுப்பது ஒரு வகைக் கிழங்கிலிருந்து என்று கல்லூரியில்தான் படித்தேன்.

அன்றிலிருந்து எனக்கு அவளோடு தனியாக இருக்கப் பயம். யாராவது பக்கத்தில் இருந்தால் இரண்டு சொல்லைப் பிடித்து ஏதாவது கட்டிச் சொல்லிவிடலாம். தனியாக இருந்தால் அவள் என்னோடு பேசுவாள். பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, பாடப் புத்தகத்தைப் பிரித்து முகத்துக்கு நேராக வைத்துக்கொள்வேன். மாலையில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் "ஹோம்வொர்க்" என்பேன். சிறிது நேரம் என் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். அங்கிருந்து ஏரி தெரியும். ஆடிக் காற்றில் தலைமுடி முகத்தை மூட, அதை ஒதுக்காமல் நிற்பாள்.

மூன்றாம் நாள் அவள் தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. அம்மா பதறிப்போனாள்.

"இன்னாத்துக்குத் துன்ன மாட்டேங்குது? உப்பு ஒறப்பு அதிகமா கீதான்னு கேளுடி."

கேட்டேன். அவள் தலையை ஆட்டி, சிரிக்க முயன்று, மெதுவாக ஒன்று சொன்னாள். எனக்காகவே மெதுவாகச் சொன்னாள். ஹோம்சிக்.

ஹோம் தெரியும். சிக் தெரியும். லீவ் லெட்டரில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! இவ்வளவு தெளிவாக அவள் பேசி எனக்குப் புரிந்தது அதுவே முதல் முறை.

"அவங்க வூட்ல யாருக்கோ ஒடம்பு சரியில்லையாம்மா."

"ஐயோ! யாருக்கு? ஆத்தாளுக்கா?"

"மதர்?" என்றேன் அவளிடம்.

அந்த ஒரு சொல்லுக்கு அவள் கண் நிறைந்துவிட்டது. "யெஸ்" என்று தலையை ஆட்டினாள். அம்மா இடது கையாலேயே அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். வலது கையில் குழம்புக் கரண்டி இருந்தது.

மறுநாளே அம்மா நேர்ந்துகொண்டாள். வருகிற ஞாயிறு எங்கள் ஏரிக்கரை அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். கிஷ்டம்மாவின் ஆத்தாளுக்கு நல்லாக வேண்டுமென்று அன்று அந்தப் பெண் கையாலேயே பால்குடம். அதுவரை அம்மாவுக்கு ஒரு வேளைச் சோறு, அதுவும் உப்பில்லாமல். வாயில் அதே பேச்சோடு எருமைகளைக் கறந்தாள். பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஒருத்தி விபூதி கொண்டுவந்தாள். ஒருத்தி எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். வந்தவர்கள் எல்லோரும் கிர்ஸ்டன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். விருந்தாளிக்கு இந்த ஊர் வழக்கம் இது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். குனிந்து குனிந்து கன்னத்தைக் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன வருடம்தான் தாய் இறந்திருந்தாள். அவள் மாலைதோறும் சீப்போடும் எண்ணெய்க் கிண்ணத்தோடும் வந்தாள். கிர்ஸ்டனைப் படியில் உட்காரவைத்துப் பின்னிக்கொண்டே, தன் அம்மா வைக்கிற மீன் குழம்பைப் பற்றித் தமிழில் சொல்வாள். கிர்ஸ்டனும் ஏதோ சொல்வாள், சில சமயம் அது ஆங்கிலம்கூட இல்லை. அக்கா "ஆமா கண்ணு" என்பாள். இருவரும் அழுவார்கள். பிறகு எதற்கோ சிரிப்பார்கள். உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒரு சொல்கூடப் புரியாமல் இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று உதட்டைச் சுழித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பள்ளி நூலகத்தில் அகராதியைப் புரட்டினேன். சந்தேகப்பட்டு அல்ல. அந்தச் சொல்லை எழுத்துப் பிழையில்லாமல் தெரிந்துகொண்டு ஒரு கட்டுரையில் போடலாம் என்று நினைத்தேன். 'வீட்டை எண்ணி ஏங்குகிற' என்று போட்டிருந்தது. ஒருமுறை படித்தேன். இன்னொரு முறை படித்தேன். பக்கத்தை மூடினேன். இன்று அதே சொல்லை நான் கரும்பலகையில் எழுதி மாணவிகளுக்குப் பொருள் சொல்கிறேன்.

வீட்டில் சொல்லிவிடலாம் என்றுதான் பஸ் ஏறினேன். இறங்கும்போது எங்கள் வாசலில் மாமாவின் ஸ்கூட்டர் நின்றது. உள்ளே அப்பாவின் குரல், "பாத்தியா மச்சான்! நாம்ப யாருனா கேட்டுத் தெரிஞ்சிக்க முடியுமா? எம்பொண்ணு இல்லாங்காட்டி அந்தப் பொண்ணு மனசுலயே வச்சிகினு செத்திருக்கும்" என்றது. அம்மா உப்பில்லாச் சோற்றை மோர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தாள். டென்மார்க்கில் நலமாக இருக்கிற ஒருத்திக்காக. நான் கால் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்தேன்.

யாரிடம் கேட்பது? அப்பாவிடமா, அம்மாவிடமா? ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்க எங்கள் வீட்டில் ஆளில்லை. அந்தத் தெருவிலேயே கிர்ஸ்டனுக்கு உண்மையில் என்ன நோய் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெரிந்த பிறகு அவளிடமிருந்து இன்னும் தள்ளிப்போனேன்.

சனிக்கிழமை அவள் மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். தப்ப முடியவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நீளமாக ஒரு கேள்வி கேட்டாள். கடைசியில் குரல் மேலே போனதால்தான் அது கேள்வி என்று தெரிந்தது. "யெஸ், யெஸ்" என்றேன். அவள் முகம் சட்டென்று மாறியது. ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எதற்கு யெஸ் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஞாயிறு வந்தது. மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டாள் கிர்ஸ்டன். அவள் உயரத்துக்கு அது கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. "டெம்பிள். ஃபெஸ்டிவல். மில்க்" என்று நான் விளக்கியிருந்தேன். எங்கள் எருமைப் பால் நிறைந்த குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வாயில் வேப்பிலையோடு, வெறுங்காலில் தெருவைச் சுற்றி வந்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. பம்பைக்காரர்கூட நின்று பார்த்துவிட்டு அடித்தார்.

பாலை ஊற்றி முடித்ததும் மாமா கூட்டத்துக்கு நடுவில் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா கண்ணு, அவங்க அம்மாவுக்கு இப்ப எப்படிக்கீதுன்னு கேளு."

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா உலர்ந்த உதட்டோடு என்னைப் பார்த்தாள். நான் கேட்டேன். அந்தப் பத்து நாளில் பிழையில்லாமல் நான் கேட்ட ஆங்கிலக் கேள்வி அதுதான். உன் அம்மா எப்படி இருக்கிறார்?

கிர்ஸ்டன் முகமெல்லாம் சிரிப்பாக, "ஷீ இஸ் ஃபைன்!" என்றாள்.

"ஃபைனா?" மாமா விழித்தார். "ஆஸ்பத்திரில ஃபைன்லாம் வேற போடுவானா?"

"இல்ல மாமா" என்றேன். "நல்லாயிட்டாங்களாம்."

நன்றாக இருக்கிறார் என்று சொல்லியிருக்க வேண்டும். முதலில் சொன்னது தெரியாமல் சொன்னது. இதைத் தெரிந்தே சொன்னேன்.

"கடுதாசி வராம எப்படித் தெரியும்?" மாமா விடுவதாயில்லை.

"ஆத்தா சந்நிதில நின்னுகினு கடுதாசி கேக்கறியே, உனக்கு அறிவு கீதா?" என்று பக்கத்து வீட்டு அக்கா பாய்ந்தாள். பம்பை மறுபடி அடித்தது. யாரோ ஒருத்திக்கு அருள் வந்தது. அம்மா கிர்ஸ்டன் காலடி மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள். கூழ் குடித்துக்கொண்டிருக்கும்போது மாமா அப்பாவிடம், "சரி மாமா. பன்னெண்டு வரைக்கும் படிக்கட்டும். அப்பால பாத்துக்கலாம்" என்றார். நான் பாஸ்.

பதினோராம் நாள் காலை பள்ளி வேன் வந்தது. தெருவே வாசலில் நின்றது. கிர்ஸ்டன் அம்மாவைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஆங்கிலமும் இல்லாத அந்த மொழியில் ஏதோ சொன்னாள். அக்கா "ஆமா கண்ணு, ஆமா" என்று முதுகைத் தடவினாள். அப்பாவுக்கும் மாமாவுக்கும் கைகூப்பினாள். கடைசியாக என் முன்னால் வந்து ஒரு கணம் நின்றாள். பிறகு கையை நீட்டினாள்.

நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு குலுக்கினேன். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு யாரும் கை கொடுத்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

வேன் திரும்பி மறைந்ததும் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், "எல்லாரையும் கட்டிகினு அழுதுச்சு. உன்ன மட்டும் ஏண்டி கட்டிக்கல?"

"படிச்சவங்களுக்குக் கைதாம்மா குடுப்பாங்க" என்றேன்.

மாமாகூட ஆமாம் என்று தலையாட்டினார்.