காலி ஃபைல்

அலுவலகத்தில் அவருக்கு ‘இருக்கா சார்’ என்று பெயர். யார் எழுதிய புரோகிராமைப் பார்த்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். “ஃபைல் இருக்கான்னு பாத்தியா? பாக்காம தொறக்கப் போனா பாதியில மூக்கறுபட்டு நிக்கும்.” இருபத்திரண்டு வருடமாக இதே பாட்டு. வீட்டிலும் பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். “கதவு கையோட வந்துடப் போகுதுங்க,” என்று மனைவி கேலி செய்வாள், குரல் இருந்தவரை.

தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றுவிட்டார் டாக்டர். ஆபரேஷனுக்கு முந்தைய ஒன்பது நாளும் அவள் படுக்கையறையைச் சாத்திக்கொண்டு மைக்கில் அறுநூறு வாக்கியம் பேசினாள். நடுவில் அவரைத் திட்டியதும் பதிவாகியிருந்தது. எல்லாம் ஒரே ஃபைல். அவள் டைப் செய்தால் அவள் குரலிலேயே பேச ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தார். அதிலும் தன் வழக்கத்தை விடவில்லை: ஃபைல் இருந்தால் எடு; இல்லையென்றால் முரண்டு பிடிக்காமல் அதே பெயரில் காலியாக ஒன்றைப் போட்டுக்கொள்.

போன சனிக்கிழமை மேசையைத் துடைக்க, அந்த ஃபைல் இருந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்தார். அந்த நேரம் பார்த்து அவள் புரோகிராமைத் திறந்தாள். அது தேடியது, கிடைக்கவில்லை, கம்ப்யூட்டரிலேயே காலி ஃபைலைப் போட்டது. டிஸ்க்கைத் திரும்பச் செருகியதும், பிரதி எடுக்க அவர் வைத்திருந்த ஏற்பாடு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, புதியதுதான் சரி என்று எல்லாப் பிரதியின் மேலும் காலியை எழுதிவிட்டது. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. வராதபடி எழுதிய புண்ணியவான் அவர்தானே!

ஞாயிறு காலை வெளியூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். “அம்மா, பேசும்மா.” மனைவி டைப் செய்து பொத்தானை அழுத்தினாள். சத்தமே இல்லை. அவர் ஓடிவந்து பார்த்தார். பெயர் சரி, இடம் சரி, அளவு பூஜ்யம்.

“அப்புறம் கூப்பிடறோம்மா,” என்று போனை வைத்தார். மத்தியானம்வரை மீட்கப் பார்த்தார். தெரிந்தவர்களையெல்லாம் கேட்டார். எல்லாரும் கையை விரித்தார்கள்.

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனைவி ஒரு தாளில் எழுதி நீட்டினாள்: “ஃபைல் இருக்கா?”

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

“இருக்கு,” என்றார்.

அவள் பெருமூச்சுவிட்டு, அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மறுபடியும் பொத்தானை அழுத்தினாள்.